ரத்தக்குழாய்க்கு வரும் தகவல்
(ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு வயது 51. ராசிபுரம் பக்கம் தறி ஓட்டுகிறேன். மாதவிலக்கு நின்றபோது தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒருநாள் குழுக் கூட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலர் பிரஷர் பார்த்தாங்க. எனக்கு 170/100. அக்காவுக்கும் அதிகம். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று இரண்டு பேரும் எழுந்து வந்துட்டோம். ஆறு மாசத்தில் அக்காவுக்குப் பக்கவாதம். எங்கள் குழுவுக்குக் கணக்கு எழுதிய வலது கை விழுந்துவிட்டது. அப்புறம்தான் ஏன் என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

நம் கூட்டமைப்புத் தகவல் எப்படி வருது? தலைவி ஊக்குநரிடம் சொல்வாங்க, ஊக்குநர் உறுப்பினரிடம் சொல்வாங்க. உடம்பிலும் அப்படித்தான். ரத்தக்குழாயின் உள்பக்கம் மெல்லிய செல்கள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் வந்து, அந்தச் செல்லில் தனக்குரிய ஏற்பியில் சேரும். ஏற்பி உள்ளே ஒரு புரதத்துக்குச் சொல்லும், அது அடுத்ததுக்குச் சொல்லும். கடைசியில் ஒரு நொதி நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கும். அது பின்னாலிருக்கும் தசைக்குப் போய் "இளகு" என்று சொல்லும். குழாய் விரியும், பிரஷர் இறங்கும். உள்பக்கச் செல்கள்தான் தசைக்குத் தகவல் தருது என்பதை 1980இல் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி காட்டினார். 1998இல் அவரோடு சேர்த்து மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மாதவிலக்கு நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிடும். தகவலும் குறையும். வயசு, உப்பு, எடை, சர்க்கரை எல்லாம் சேர்ந்து பிரஷர் ஏறும். வெளியே ஒண்ணும் தெரியாது.

அப்ப ஹார்மோன் மாத்திரை போட்டுக்கலாமா? நாமாகப் போடக் கூடாதுங்க. அமெரிக்காவில் பல ஆயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வில், மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் அதிகமானதால் 2002இல் அதைப் பாதியிலேயே நிறுத்தினாங்க.

வேறு வழி இருக்கு. வேகமாக நடந்தால் ரத்தம் அந்தச் செல்களை உரசி ஓடும். அந்த உரசலே அதே நொதியை எழுப்பும். நான் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன், ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைத்தேன், டாக்டர் தந்த மாத்திரையை ஒரு நாளும் விடுவதில்லை. இப்போ 130/80.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. வீட்டுக்கு வருவது நம்மைப் போன்ற குழுப் பெண்கள். அவங்களைத் திருப்பி அனுப்பாதீங்க. சேமிப்புக் கணக்கு எழுதும் நாளில் பிரஷர் கணக்கையும் பக்கத்திலேயே எழுதுங்க.

அக்காவின் கணக்கு நோட்டை இப்போ நான்தான் எழுதுகிறேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறாள்.