உதகையில் ஒரு மாளிகையும் ஒரு பூங்காவும்



வெயில் கடுமையானால் நிழலைத் தேடுவது உயிர்களின் இயல்பு. அரசாள்வோர் தேடிய நிழலோ ஒரு மரத்தின் அளவில் அடங்குவதில்லை. அவர்கள் மலையையே நாடினர். அங்கே மாளிகை எழுப்பினர். மாளிகையைச் சூழப் பூங்கா அமைத்தனர். அத்தகைய மாளிகையும் பூங்காவும் நம் கோயம்புத்தூருக்கு வடமேற்கே, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறிச் சென்றால் காணக்கூடிய உதகமண்டலத்தில் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றைச் சிறிது காண்போம்.

நீலகிரி ஒரு காலத்தில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. இங்கே கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டில் மலைமீது சென்றார். உதகையின் குளிர்ந்த பள்ளத்தாக்கைக் கண்டு உள்ளம் பறிகொடுத்தார். ஏக்கருக்கு ஒரு ரூபாய் வீதம் தோதவரிடமிருந்து அவர் நிலம் பெற்றார் என்பர். 1822இல் அங்கே ஒரு கல்வீடு கட்டத் தொடங்கினார். உதகையில் ஐரோப்பிய முறையில் எழுந்த முதல் வீடு அதுவே. இன்று அது அரசு கலைக் கல்லூரியைச் சார்ந்து நிற்கிறது. உருளைக்கிழங்கு முதலிய சீமைக் காய்கறிகளை மலையில் பரப்பியவரும், ஏரியை அமைத்தவரும் இவரே. தோதவருக்கு நிலத்தின்மேல் உரிமை உண்டென்று அரசாங்கத்திடம் வாதாடியவரும் இவரே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

அடுத்துப் பூங்காவுக்கு வருவோம். அங்குக் குடியேறிய ஐரோப்பியர் சந்தா செலுத்தித் தங்களுக்கு வேண்டிய காய்கறிகளைப் பயிரிட ஏற்படுத்திய தோட்டமே அதன் தொடக்கம். 1848இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்தில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரகாம் மெக்கைவர் என்பவர் வந்து சேர்ந்தார். தோட்டத்தின் கீழ்ப்பகுதி சதுப்பு நிலம். மேற்பகுதி செங்குத்தான காட்டுச் சரிவு. அவர் சதுப்பு நீரை வடித்தார். சரிவைப் படிப்படியாகத் திருத்தினார். பல நாட்டு மரஞ்செடிகளைக் கொணர்ந்து நட்டார். ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்புள்ள அரசு தாவரவியல் பூங்கா இவ்வாறு உருவாயிற்று. மலேரியாவுக்கு மருந்தான கொயினாவைத் தரும் சின்கோனா மரத்தை நீலகிரியில் பயிராக்கியதிலும் மெக்கைவருக்குப் பெரும் பங்கு உண்டு.

இப்பூங்காவுக்கு அருகே உயரத்தில் நிற்பதுதான் ஆளுநர் மாளிகை. 1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராயிருந்த பக்கிங்ஹாம் கோமகன் காலத்தில் அது எழுந்தது. கோடை வந்தால் ஆளுநரும் அலுவலர்களும் கோப்புகளும் சென்னையை விட்டு மலையேறிவிடுவது அக்கால வழக்கம். அக்கோமகன் ஆட்சியிலேதான், 1876 முதல் 1878 வரை, மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. கொங்கு நாட்டு முதியோர் வழிவழியாகச் சொல்லிவந்த தாது வருஷப் பஞ்சம் அதுவே. மலையின்மீது மாளிகை, சமவெளியில் கஞ்சித்தொட்டி! இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அக்கால வரலாறு முழுமையாக விளங்கும்.

பூங்காவின் மேற்புறத்தில் மற்றொரு கட்டடமும் உண்டு. அங்குள்ள தோதவர் மந்தில், மூங்கிலையும் பிரம்பையும் வளைத்துக் கட்டிப் புல் வேய்ந்த வீட்டைக் காணலாம். பாதி பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வடிவம்; தவழ்ந்து நுழையும் அளவே வாயில். குளிர்காற்று புகாதபடி, மலையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே கட்டிய வீடு அது. ஆளுநர் மாளிகை மலைக்கு வந்த விருந்தாளி என்றால், இவ்வீடு மலை பெற்ற பிள்ளை எனலாம்.

நம் நாட்டிற்கு அப்பால் தாய்லாந்திலும் இத்தகைய காட்சி உண்டு. சியங் மாய் நகருக்கு மேலுள்ள மலையில், ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில், 1961ஆம் ஆண்டில் பூமிபோல் மன்னர் பூபிங் அரண்மனையைக் கட்டுவித்தார். அது குளிர்கால இல்லம். தாய்லாந்து மரபில் அமைந்த கட்டடங்களும், குளிர்ந்த காற்றில் செழிக்கும் ரோஜாத் தோட்டங்களும் அதன் சிறப்பு. 1962 ஜனவரியில் டென்மார்க் மன்னரும் அரசியும் அங்கே முதல் அரச விருந்தினராகத் தங்கினர். அம்மலைகளில் வாழும் மக்கள் பலர் அபினிச் செடி பயிரிட்டே பிழைத்து வந்தனர். அதற்கு மாற்றாகப் பழமரங்களும் காய்கறிகளும் பயிரிட உதவும் அரசத் திட்டம் 1969இல் தொடங்கியது. ஓய்வுக்கு மலையேறிய மன்னர் அண்டையில் வாழ்வோரின் அடுப்பையும் எண்ணிப் பார்த்தார் என்பது கருதத்தக்கது.

மாளிகையும் பூங்காவும் மலைக்கு எதைக் கொடுத்தன? மலையிலிருந்து எதைப் பெற்றன? அவற்றை மதிப்பிட இக்கேள்விகளே உரைகல். உதகைப் பூங்கா பயிர்க் கலையைக் கொடுத்தது. மருந்து மரத்தைப் பரப்ப உதவியது. ஆனால் ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த தைல மரமும் வாட்டில் மரமும் பிற்காலத்தில் புல்வெளிகளைப் பெரிதும் மூடிவிட்டன. நீலகிரியின் சொந்தப் பூங்கா எது தெரியுமா? பள்ளங்களில் சோலைக்காடும், மேடுகளில் புல்வெளியும், இடையே சதுப்பும் அமைந்த நிலமே அது. யாரும் நடாமல், யாரும் நீர் வார்க்காமல் தழைத்தது. மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடைகளில் விடுவது அதன் தொழில்.

அந்த ஓடைகளே பவானிக்கும் மாயாற்றுக்கும் உயிர். 1932இல் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் கோவையின் ஆலைகளைச் சுழற்றியதும், 1955இல் நிறைவுற்ற பவானிசாகர் அணை கொங்கு வயல்களை நனைப்பதும் மலை தந்த நீரால்தான். அயல் மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணி இன்று நடைபெற்று வருவது நமக்கு ஆறுதல் அளிக்கிறது.

மே மாத மலர்க்காட்சிக்கு நீங்கள் உதகை செல்லலாம். பூக்களின் அழகை மகிழ்ந்து காணுங்கள். அதன்பின் சற்றே தலையை உயர்த்தி, மலைச்சரிவில் எஞ்சியுள்ள சோலையையும் ஒரு கணம் பாருங்கள். கீழே நம் ஊர்க் குழாயிலும் கால்வாயிலும் ஓடும் நீருக்கு அதுவே தாய்வீடு.