பனிமலையிலிருந்து ஒரு குரல்



வானொலி நிலையம் என்றவுடன் உயர்ந்த கோபுரமும் பெரிய இயந்திரங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. ஒரு தோட்பையில் அடங்கிவிடும் நிலையமும் உண்டு. அதனைச் சுமந்து பனிமலைமீது சறுக்குக் கட்டைகளால் ஏறி, உச்சியில் நின்று உலகத்தோடு பேசிவிட்டு, மீண்டும் சறுக்கி இறங்கும் அன்பர்களைப் பற்றி இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

இவர்கள் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். தேர்வெழுதி அரசாங்க உரிமம் பெற்று, ஊதியம் கருதாமல், கலையின்மீது கொண்ட ஆசையால் வானலைகளில் உரையாடுபவர்கள். பிரிட்டனில் ஜான் லின்ஃபோர்ட் என்பவரின் முயற்சியால் 2002 மார்ச் 2 ஆம் நாள் 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்னும் திட்டம் தொடங்கிற்று. இன்று அது பல நாடுகளில் பரவியுள்ளது. அதன் விதிகள் எளியவை. இறுதி ஏற்றத்தை மோட்டார் வண்டியின் உதவியின்றி ஏற வேண்டும். கருவிகள் அனைத்தையும் தாமே சுமக்க வேண்டும். உச்சியிலிருந்து குறைந்தது நான்கு நிலையங்களோடு தொடர்பு கொண்டால்தான் புள்ளிகள் கிடைக்கும். மலையின் உயரத்திற்கேற்ப 1 முதல் 10 வரை புள்ளிகள். குளிர்காலத்தின் அருமை கருதிப் பல இடங்களில் மேலும் 3 புள்ளிகள். ஆயிரம் புள்ளி சேர்த்தவருக்கு 'மலையாடு' என்று பட்டம்! பரிசுப் பணம் ஒன்றும் இல்லை.

பனியில் எவ்வாறு மேலே ஏறுகின்றனர் என்று நீங்கள் கேட்கலாம். சறுக்குக் கட்டையின் அடியில் மயிர்ப்பட்டை ஒன்றை ஒட்டுகின்றனர். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல்; இப்போது ஆட்டு மயிராலும் நைலானாலும் நெய்யப்படுகிறது. மயிர் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் கட்டை முன்னே வழுக்கும்; பின்னே வழுக்காது. நம் கிராமத்துப் பிள்ளைகள் சட்டைக் கைக்குள் புற்கதிரை விட்டு விளையாடுவதுண்டு. அது மேலே ஏறுமேயன்றிக் கீழே இறங்காது. தத்துவம் ஒன்றுதான்.

உச்சியை அடைந்ததும் கண்ணாடியிழைக் கம்பம் ஒன்றைப் பனியில் நட்டு, அதிலிருந்து ஏரியல் கம்பியைக் கூடாரக் கயிறுபோல் இருபுறமும் இழுத்து, சறுக்குக் கோல்களில் கட்டுகின்றனர். 14 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 20 மீட்டர். அதில் பாதி, அதாவது 10 மீட்டர் கம்பி போதும். ஆற்றல் பெரும்பாலும் 5 வாட்டே. ஒரு சிறிய இரவு விளக்கிற்குரிய மின்சாரம். ஆயினும் வானத்தின் மேலடுக்கிலுள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி அவ்வொலி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் செல்லக்கூடும். நகரத்து மின்கருவிகளின் இரைச்சல் மலையுச்சியில் இல்லை. ஆதலால் மெல்லிய குரலும் அங்கே தெளிவாகக் கேட்கும்.

குளிர் மட்டும் இவர்களுக்கு இரங்குவதில்லை. குளிர்ந்த மின்கலம் ஆற்றலை முழுவதும் தருவதில்லை. ஆகவே அதனைக் குழந்தையைப்போல் மேற்சட்டைக்குள் அணைத்து வைக்கின்றனர். பேனா மை உறையும். ஆகவே பென்சிலால் குறிப்பெழுதுகின்றனர். காற்றில் பறக்கும் உலர்பனி ஏரியலில் மோதி மின்னேற்றம் உண்டாக்கும். அப்போது காதில் இரைச்சலே மிஞ்சும். விரல் விறைப்பதற்குள் நான்கு தொடர்புகள் முடியவேண்டும்.

இவற்றினும் பெரிய அபாயம் பனிச்சரிவு. 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வுகளில் புதுப்பனிப் படலம் ஒரே பலகையாகப் பெயர்ந்து மனிதனை மூடிவிடும். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் இதனை ஆராய்வதற்கென்றே 1942 இல் நிறுவப்பட்ட நிலையம், குளிர்காலத்தில் நாள்தோறும் அபாய அறிக்கை வெளியிடுகிறது. அபாயத்தை ஐந்து படிகளாகப் பிரித்துள்ளனர். மலையேறுவோர் மார்பில் ஒரு சிறு கருவி அணிகின்றனர். அதுவும் வானொலியே! 457 கிலோஹெர்ட்ஸ் அலையில் ஓயாது துடிக்கிறது. புதையுண்டவரைத் தோழர்கள் அத்துடிப்பைக் கொண்டே தேடுகின்றனர். முதல் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுக்கப்பட்டோருள் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரைமணி கடந்தால் நம்பிக்கை வெகுவாகக் குறைகிறது. தேடும் வேளையில் மற்ற மின்கருவிகள் அருகிலிருந்தால் அத்துடிப்பைக் குலைக்கும். அதனால் எந்த வானொலியை எப்போது அணைப்பது என்பதும் இக்கலையின் ஒரு பாடமாகும்.

பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் டாவோஸில் என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தேன். அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் இக்கலையில் வல்லவர். ஒருநாள் நண்பர் ஒருவருடன் விடியுமுன் புறப்பட்டார். பதினொரு மணிக்கு உச்சியில் இருப்பதாக முன்பே அறிவித்திருந்தமையால், பல நாடுகளிலும் அன்பர்கள் காத்திருந்தனர். அவருடைய அன்னையும் சமையலறையில் ஒரு சிறு வாங்கியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். நானும் உடனிருந்தேன். பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டும் ஆயிற்று. குரல் இல்லை. அந்த அம்மையார் ஒன்றும் பேசாமல் உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டே இருந்தார். பன்னிரண்டரை மணி அளவில் குரல் வந்தது. உச்சிக்கு 150 மீட்டர் கீழே காலடியில் பனி 'உம்' என்று ஒலித்து அமிழ்ந்ததாம். அடிப்படலம் நொறுங்குவதற்கு அஃது அடையாளம். இருவரும் அக்கணமே திரும்பிவிட்டனர். பாதுகாப்பான முகட்டை அடைந்ததும் செய்தி சொன்னார்.

அன்று அவருக்குக் கிடைத்த புள்ளி ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் திட்டமிட்ட ஏற்றம், காத்திருந்தவர்களோ பலர். "வருத்தமில்லையா?" என்று மாலையில் கேட்டேன். "மலை அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும், ஐயா, நானும் இருக்கவேண்டுமே" என்றார்.

நாற்பதாண்டுகள் பள்ளியில் பணியாற்றியவன் நான். முடித்துக் காட்டியவனுக்கே மதிப்பெண் தருவது நம் வழக்கம். தக்க காரணம் கண்டு நடுவழியில் நிறுத்தியவனுக்குத் தர நம்மிடம் அட்டவணை ஏதும் இல்லை. ஆயினும் அத்தகைய தீர்மானத்திற்கு வேண்டிய கூர்ந்த நோக்கும் அடக்கமும் எளிதில் வருவனவல்ல.

கைபேசி உள்ள காலத்தில் இந்த உழைப்பு எதற்கு என்று சிலர் வினவுவர். கைபேசியில் எண்ணை அழுத்தினால் தெரிந்தவர் பேசுவார். இங்கேயோ, பனியில் நின்று ஒருவர் பொதுவாக அழைக்க, எங்கோ முகமறியாத ஒருவர் செவியைத் தீட்டிக்கொண்டு கேட்டு, "உங்கள் குரல் வந்து சேர்ந்தது" என்று மறுமொழி கூறுகிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவர் அவ்வளவு உயரம் ஏறுகிறார் என்று நான் எண்ணுகிறேன்.