பால் கொடுக்கும் நேரமும் கொழுந்துத் தராசும்
(கொஸ்லந்தையில் தோட்டத் தலைவிமார் கூட்டத்தில் ஆற்றிய உரை)



2014 அக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தயில் மலை சரிந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்தார்கள். திரும்பி வர லயம் இல்லை. சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அன்றைக்கு நாடே வந்து நம் பிள்ளைகளைப் பார்த்தது. மலை சரியாத நாளில் அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று பார்க்க யார் வருகிறார்கள்?

2016இல் அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதற்கும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் 32 பேர். ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கிளினிக்கில் மிட்வைப் மிஸ் அட்டையைப் பார்த்துவிட்டு, "நல்லாச் சாப்பாடு குடுங்க" என்கிறார். திரிபோஷ பக்கெட் தருகிறார். வீட்டுக்கு வந்ததும் அதை எல்லாப் பிள்ளைகளும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதை நான் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் மூத்த பிள்ளைக்கு எந்தத் தாய் இல்லையென்பாள்?

ஆனால் காசில்லாமல் கொடுக்கக்கூடியது தாய்ப்பால். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரம் சட்டத்தில் இருக்கிறது. மகப்பேற்று நன்மைகள் சட்டப்படி, ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க, ஒன்பது மணி நேர வேலையில் இரண்டு தடவை விட வேண்டும். பிள்ளைக் காம்பரா இருந்தால் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். சாப்பாட்டு நேரத்தில் கழிக்கக்கூடாது; அது வேறு, இது வேறு.

நடப்பது என்ன? மேல்மலையிலிருந்து பிள்ளைக் காம்பராவுக்கு இறங்கி ஏறவே அந்த அரை மணி போய்விடும். அதற்குள் கொழுந்து குறைகிறது. பின்னேரம் தராசில் கிலோ காணாது, அரைப்பேர் போடுகிறார்கள். அப்புறம் எந்தத் தாய் இறங்குவாள்? மாரில் பால் கட்டிக்கொண்டு மலையில் நிற்கிறாள். பிள்ளை காம்பராவில் அழுகிறது. சட்டம் கொடுத்ததைத் தராசு பிடுங்கிக்கொள்கிறது.

நாம் கேட்பது இதுதான்: பால் கொடுக்கும் தாய்க்கு அந்த நேரத்துக்குரிய கிலோவைக் குறைக்க வேண்டும். பெரட்டில் வாயால் கேட்டுப் பிரயோசனமில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கொப்பி போடுங்கள். அரைப்பேர் விழுந்த திகதி, நிறுத்த கிலோ, பிள்ளையின் வயது, வேலை செய்த மலை, எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதித் தரட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியோடு வாருங்கள். துரையிடம் போகும்போது அதுதான் நம் கையில் இருக்க வேண்டும்.