உப்பு, சர்க்கரை, ஒரு லிட்டர் தண்ணீர்

(தாம்பரத்தை அடுத்த ஓர் ஊரில் நடந்த உழவர் பயிற்சிக் கூட்டத்தில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



நவரை நெல்லில் களை நிர்வாகம் பற்றி நான் பேசுவதாக நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்வோம். இப்போது சிறிது நேரம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறேன். நான் மருத்துவன் அல்லன், பயிர் பார்க்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் நான் செய்த தவறு, பயிர் பார்க்கிறவன் செய்யவே கூடாத தவறு. ஆகவேதான் உங்களிடம் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, ஒன்றரை வயதான என் மகனுக்கு வயிறு கழியத் தொடங்கியது. இரவு பத்து மணிக்குள் ஆறு முறை போய்விட்டான். 'தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும், வயிற்றைக் காயப்போடு' என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். நான் படித்தவன் அல்லவா? அதைக் கேட்கவில்லை. மருந்துக் கடைக்குப் போய் ஓ.ஆர்.எஸ். எனப்படும் உப்பு சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வந்தேன். பெரிய பொட்டலம். அதை அப்படியே ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினேன். கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்ற நினைப்பு. மேலே அச்சிட்டிருந்ததைப் படிக்கவே இல்லை.

குழந்தை நாலு மடக்குக் குடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தண்ணீர் கேட்டு அழுதான். கழிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. விடிந்ததும் தாம்பரத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மையார் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுப் பார்த்தார். "எப்படிக் கலக்கினீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். அதையும் சொன்னேன். "பத்து லிட்டர் டேங்குக்குப் போட வேண்டிய மருந்தை இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டு அடிக்கச் சொல்வீர்களா, சார்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

பையன் அன்று மாலைக்குள் தேறிவிட்டான். நான் தேறச் சில நாள் ஆயிற்று.

கெட்டியாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு விளக்குவது எளிது. கேளம்பாக்கம் உப்பளத்துப் பக்கம் நிலம் உள்ளவர்கள் பார்த்திருப்பீர்கள். மண்ணில் ஈரம் இருக்கும்; பயிர் வாடி நிற்கும். மண்ணில் உப்பு மிஞ்சினால் வேரால் நீரை இழுக்க முடியாது. குழந்தையின் குடலிலும் இதே கதைதான். கரைசல் கெட்டியாக இருந்தால் அது உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும்; கழிச்சல் கூடும். இரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்புகூட வரலாம். சரியான அளவில் கரைத்தால், குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பும் கூடவே உள்ளே போகிறது. அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது. கழிச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் அடைபடுவதில்லை. சர்க்கரை ருசிக்காக மட்டும் சேர்ப்பதன்று.

பொட்டலத்தில் இரண்டு அளவு உண்டு. ஏறக்குறைய 21 கிராம் உள்ள பெரியது 1 லிட்டர் தண்ணீருக்கு. 4 கிராம் சொச்சம் உள்ள சிறியது 200 மில்லிக்கு. எதுவானாலும் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியைக் கிள்ளிப் போட்டு மீதியை மடித்து வைப்பது கூடாது. கொதித்து ஆறிய நீரையே பயன்படுத்துங்கள். சொம்பை நம்பாதீர்கள், ஒவ்வொரு வீட்டுச் சொம்பும் ஒவ்வோர் அளவு. லிட்டர் பாட்டிலால் ஒருமுறை அளந்து, பாத்திரத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். (பூச்சிமருந்து அளக்கும் மூடியை மட்டும் இதற்கு எடுத்துவிடாதீர்கள்!) கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான், மீந்தால் கொட்டிவிட வேண்டும்.

நள்ளிரவில் பொட்டலம் கிடைக்கவில்லையா? 1 லிட்டர் நீரில் தலைவழித்த 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைவழித்த அரைத் தேக்கரண்டி உப்பு. தேக்கரண்டி என்பது 5 மில்லி பிடிக்கும் சிறிய கரண்டி. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரும் நல்லது. விடிந்ததும் பொட்டலம் வாங்கிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறை வயிறு கழிந்த பின்னும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரையும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி வரையும் கொடுக்கலாம். மடமடவென்று ஊற்றினால் வாந்தி எடுக்கும். சொட்டுநீர்ப் பாசனம் போலத்தான்: ஒரு நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். குழைந்த சோறு, இட்லி, தயிர், வாழைப்பழம் என்று பிள்ளை வழக்கமாகச் சாப்பிடுவதைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பட்டினி போட்டால் குடல் தேறுவதும் தள்ளிப்போகும்.

இந்தச் சாதாரணக் கரைசல் என்ன செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியவரும் ஒரு குழந்தை மருத்துவரே. 1971-இல் வங்கதேசப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்குள் வந்தார்கள். எல்லையோரம் உள்ள போன்காவ் முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனபிஸ் சமையல் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பொட்டலம் கட்டி, நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க ஏற்பாடு செய்தார். நோயாளிகளின் உறவினர்களே பக்கத்தில் இருந்து ஊட்டினார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. அவர் 2022-இல் காலமானார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. இவ்வளவு மலிவான வழி இருந்தும், உலகில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இன்னொரு மருந்தும் உண்டு: துத்தநாகம். வயலில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்கிறோமே, அதே சத்துத்தான். வயலுக்கு வாங்கியதைக் கொடுத்துவிடாதீர்கள், அது வேறு தரம்! 6 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், 2 முதல் 6 மாதம் வரை 10 மில்லிகிராம். கழிச்சல் நின்றாலும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும். பொட்டலத்தோடு இந்த மாத்திரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேளுங்கள். கழிச்சலை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ரோட்டா கிருமிக்கான சொட்டு மருந்து 2017 முதல் நம் மாநிலத்தில் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. 6, 10, 14 வாரங்களில் தவறாமல் போட்டுவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்கள் அட்டைப்பெட்டிகளில் விற்றுவந்தன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம். ஐதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைப் பானங்களில் போடக்கூடாது என்று உத்தரவிட்டது. கடையில் பொட்டலமாகவே கேட்டு வாங்குங்கள்.

இனித் தண்ணீர். 2015 வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், உயிரிழப்பும் நேர்ந்தது. குடிநீரில் சாக்கடை கலந்தது என்று மக்கள் சொன்னார்கள், அதிகாரிகள் மறுத்தார்கள். வாதம் எப்படிப் போனாலும், காய்ச்சிக் குடித்தால் நமக்கு நட்டமில்லை. மழைக்குப் பின் கிணற்றிலோ தொட்டியிலோ 1000 லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். சாணம் அள்ளிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே பிள்ளையைத் தொடுங்கள்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்? மலத்தில் இரத்தம் கண்டால், குடித்ததெல்லாம் வாந்தியானால், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டால், கண் குழி விழுந்தால், கிள்ளிய தோல் மெதுவாகத் திரும்பினால், பிள்ளை துவண்டு கிடந்தால், கரைசலைக் குடிக்க முடியாமல் போனால். 10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் நீரை இழந்தாலே உயிருக்கு ஆபத்து. 108-ஐக் கூப்பிடுங்கள், போகிற வழியிலும் கரண்டியால் ஊட்டிக்கொண்டே போங்கள்.

மேசைமேல் நாலு பொட்டலமும் கொதித்து ஆறிய தண்ணீரும் வைத்திருக்கிறேன். லிட்டர் பாட்டில் ஒன்றும் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் வீட்டுக்கு ஒருவராக வந்து கலக்கிப் பாருங்கள். தாய்மார்களைவிட ஆண்கள் முதலில் வாருங்கள்; தவறு செய்தவன் நான்தான், நானும் ஆண்தான்.