மஞ்சக் கடுதாசி கொடுத்தா என்ன ஆகும்?

இந்த எபிசோடை ஏற்காட்டுல எங்க வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். போன வருஷம் இதே திண்ணையிலதான் எங்க சித்தப்பா, "மஞ்சக் கடுதாசி குடுத்துடலாம்னு இருக்கேன்டா"ன்னு சொன்னார். காபித் தோட்டத்தை நம்பி வாங்கின கடன்.

நான் உடனே 2016 திவால் சட்டத்தைத் தேடினேன். அதுல தனிநபர்களுக்கான பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் 2019 டிசம்பர்ல அமலுக்கு வந்தது. சித்தப்பா மாதிரி ஆளுக்கு 1920-ஆம் வருஷத்து மாகாண திவால் சட்டம்தான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் கோர்ட்டுக்குப் போகணும்.

மனுவுல எல்லாக் கடனையும் சொத்தையும் காட்டணும். திவாலானவர்னு கோர்ட் அறிவிச்சா, சொத்து கோர்ட் அல்லது ரிசீவர் பொறுப்புக்குப் போகும். துணிமணி, சமையல் பாத்திரம் மாதிரி சிலது மட்டும் தப்பும். அதுக்கப்புறம் கோர்ட் அனுமதியில்லாம கடன் கொடுத்தவங்க புதுசா கேஸ் போட முடியாது. ஆனா அடமானச் சொத்து மேல பேங்குக்கு உள்ள உரிமை அப்படியே இருக்கும். மனுவுக்கு முந்தின ரெண்டு வருஷத்துல சொந்தக்காரங்க பேருக்குச் சும்மா எழுதி வெச்ச சொத்தையும் கோர்ட் ரத்து பண்ணலாம். கடைசியில, கடன்ல இருந்து விடுவிக்கச் சொல்லித் தனியா மனு போடணும்.

அந்த விடுவிப்பு கடன் வாங்கினவருக்குத்தான். ஜாமீன் போட்டவருக்கு இல்ல. சித்தப்பாவோட கடன் பத்திரத்துல ஜாமீன் கையெழுத்து எங்க அப்பாவோடது.

இதைச் சொன்னதும் சித்தப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் எழுந்து உள்ளே போய் அப்பா பக்கத்துல உட்கார்ந்தார்.

நீங்களும் மனு எழுதறதுக்கு முன்னாடி, உங்களுக்காகக் கையெழுத்துப் போட்டவங்ககிட்ட முதல்ல பேசுங்க.