செவி வளர்த்த செல்வம்

அயல் மாநிலத்தில் நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் நகைப்பதுண்டு. நாமும் நாணி வாய் மூடுவதுண்டு. ஜானி லீவரோ பிறர் பேச்சை உற்றுக் கேட்டே உயர்ந்தார்.

1957-இல் ஆந்திரத்துத் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்த அவர், தமிழரும் மிகுதியாக வாழும் பம்பாய்த் தாராவியில் வளர்ந்தார். வறுமையால் ஏழாம் வகுப்போடு கல்வி நின்றது. நடிகர்களின் குரலில் கூவித் தெருவில் பேனா விற்றார். பின்னர் இந்துஸ்தான் லீவர் ஆலையில் தொழிலாளியானார். அங்கு ஒரு விழாவில் மேலதிகாரிகளின் பேச்சையும் பாவனையையும் நடித்துக் காட்ட, உடனுழைத்தோர் ஆலையின் பெயரையே அவருக்குச் சூட்டினர். மேடை, ஒலிநாடா, திரைப்படம் எனப் புகழ் வளர்ந்தது. 1997-இல் வெளிவந்த ‘தீவானா மஸ்தானா’ அவருக்குப் பிலிம்பேர் விருதை ஈட்டித் தந்தது.

சொல்லுக்குச் சொல் பெயர்த்தே பழகிய எமக்கு அவர் வாழ்வு ஒன்றை உணர்த்துகிறது: செவியைத் திறந்தவனுக்கு நாவும் தானே திறக்கும். நாணத்தை விடுத்து, நம் அண்டை வீட்டாரின் மொழியை இன்றே கேட்கத் தொடங்குவோமாக.