கொண்டையைச் சூழ்ந்த பின்னல்



பெண்ணின் கூந்தலைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். அதன் கருமையையும் நீளத்தையும் மணத்தையும் பாடியோர் பலர். அக்கூந்தலை வாரி, வகுத்து, பின்னி முடித்த கைகளைப் பாடியோர் சிலரே. அந்தக் கைகளைப் பற்றியதே இவ்வுரை.

கூந்தலுக்கு ஐம்பால் என்றொரு பெயர் உண்டு. ஐந்து வகையாகப் பகுத்து முடிக்கப்படுவது என்பது அதன் பொருள். உச்சியில் முடிப்பது முடி. பக்கத்தில் முடிப்பது கொண்டை. பின்னே செருகுவது சுருள். சுருட்டி முடிப்பது குழல். பின்னி விடுவது பனிச்சை. இப்பட்டியல் நூலுக்கு நூல் சிறிது வேறுபடும். அளகம், துஞ்சை என்னும் பெயர்களும் அதில் வருவதுண்டு. இன்று பிடரியில் அமைவதும் கொண்டையே. பெயர்கள் மாறினும், கொண்டையும் பின்னலும் வெவ்வேறு பாலாக எண்ணப்பட்டமை தெளிவு. அவ்விரண்டையும் ஒரே தலையில் இணைத்து அழகு செய்யும் ஒப்பனையை மணவீடுகளில் இன்றும் காணலாம்.

அதன் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். இடைக்குக் கீழே தாழும் கூந்தலை முதலில் சிக்கெடுத்து வகிடு எடுப்பர். இரு காதுகளுக்கும் மேலே விரற்பருமன் கற்றை ஒவ்வொன்றை ஒதுக்கி வைப்பர். எஞ்சிய கூந்தலைப் பிடரியில் முறுக்கிச் சுற்றிக் கொண்டையாக்கி ஊசியால் நிறுத்துவர். பின்னர் ஒதுக்கிய கற்றைகளை மூன்று புரியாகப் பிரித்து மெல்லிய பின்னல்களாக்குவர். ஒன்று கொண்டையின் மேற்புறமாகவும் மற்றொன்று கீழ்ப்புறமாகவும் வளைந்து செல்ல, நுனிகள் கொண்டையின் அடியில் மறையும். அதன்மேல் மல்லிகைச் சரமோ கனகாம்பரமோ அமையும். கூந்தல் போதாதவர் சவுரி சேர்ப்பர். மிக இறுக்கி இழுத்தால் தலை வலிக்கும். அவ்வாறே வழக்கமாக்கினால் நெற்றியோர முடி உதிரும். தளரவிட்டாலோ பின்னல் அவிழும். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவைப் பின்னுபவளின் விரல்களே அறியும்.

தன் பிடரியை எவரும் தாமே காண இயலாது. ஆகவே இவ்வொப்பனை செம்மையாக அமைய இன்னொருத்தியின் கை வேண்டும். தாயோ, தமக்கையோ, தோழியோ பின்னே அமர்ந்தால்தான் பின்னல் நேராக வரும்.

அடி அண்ணாமலைக்குத் தோழியர் கூட்டம் புதிதன்று. கிரிவலப் பாதையில் அமைந்த இவ்வூரில் மாணிக்கவாசகருக்குக் கோயில் உண்டு. திருவெம்பாவை பாடப்பெற்ற இடம் இதுவென்பது மரபு. 20 பாடல்களாலான அப்பனுவலில் மார்கழி வைகறையில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பி நீராடச் செல்கின்றனர். நீராட்டைச் சொல்லும் பாட்டு ஒன்றில் காதணியும் பூச்சூடிய குழலும் அதனைச் சூழும் வண்டும் சேர்ந்து ஆடுகின்றன. அங்கே மகிழ்வது தனியொருத்தி அல்லள். ஒரு கூட்டமே மகிழ்கிறது.

அத்தகைய கூட்டத்தை இழந்தவளின் கூந்தலைக் கம்பர் காட்டுகிறார். அசோகவனத்தில் சீதையின் குழல் திரண்டு ஒரே சடையாகிவிடுகிறது. அங்கே வாரிவிட அன்புடைய கை இல்லை. வாரிக்கொள்ள மனமும் இல்லை. ஐந்தாகப் பகுக்கப்படும் கூந்தல் கூடி வாழ்தலைக் காட்டுமெனில், ஒரு சடையான கூந்தல் பிரிவைக் காட்டுகிறது.

இதனினும் கொடிய நிலை ஒன்றும் நம் இலக்கியத்தில் பதிவாகியுள்ளது. உ. வே. சாமிநாதையர் 1904இல் பதிப்பித்த பதிற்றுப்பத்தில், ஐந்தாம் பத்து செங்குட்டுவன்மீது பரணர் பாடியது. அப்பத்துக்குப் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டதாகக் கருதப்படும் பதிகம், பழையனின் காவல்மரமான வேம்பை அவன் வெட்டிய வரலாற்றைக் கூறுகிறது. அணிகளைக் களைந்த பகைமகளிரின் கூந்தலைத் திரித்துக் கயிறாக்கி, அக்கயிற்றால் யானைகளைப் பூட்டி அம்மரத்தை இழுக்கச் செய்தானாம். பதிகம் இதனை அவனுடைய வெற்றிகளுள் ஒன்றாக அடுக்கிச் செல்கிறது.

நற்றிணையின் 270ஆம் பாட்டும் பரணர் பெயரில் அமைந்ததே. அங்கே நன்னன் என்பான் செய்த கூந்தற்கயிறு பேசப்படுகிறது. செங்கத்தை ஆண்ட, மலைபடுகடாத்தின் தலைவனான நன்னன் வேறு, இவன் வேறு என்பது அறிஞர் பலரின் கொள்கை. பாட்டில் பேசுபவள் தோழி. தலைவனை இடித்துரைக்கும் அவள், கொடுமைக்கு அளவுகோலாக எடுப்பது அக்கயிற்றைத்தான். அதனினும் கொடியது அவன் இயல்பு என்கிறாள்.

ஒத்த செயல் பதிகத்தில் புகழாகிறது. தோழியின் வாயில் கொடுமையாகிறது. அரசனின் பக்கம் நின்றவர் மரத்தையும் யானையையும் கண்டார். கூந்தலை வாரிப் பழகியவளோ, கயிற்றில் கூந்தலையே கண்டாள். திரிப்பதும் பின்னுவதும் கையின் தொழிலே. எவர் கை, எவர் விருப்பத்தோடு என்பதில்தான் அணியும் அவமதிப்பும் பிரிகின்றன.

கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. அணி என்பது வெளியிலிருந்து கொண்டுவந்து பதிக்கப்படுவது என்று கருதுவோர் உண்டு. கொண்டையைச் சூழும் சிறு பின்னல் அத்தகையதன்று. அதே தலையில் வளர்ந்த கூந்தலிலிருந்து பிரிந்து, அதே கொண்டையைப் பற்றி நிற்பது அது. அவிழ்த்தால் மீண்டும் கூந்தலோடு கலந்துவிடும். செய்யுளின் உவமையும் உருவகமும் அவ்வாறு பொருளிலிருந்தே பிரிந்துவந்து பொருளையே தாங்க வேண்டும். அதனோடு, பாடப்படுபவருக்கு அவ்வணி வலிக்கிறதா என்று கேட்கும் பொறுப்பும் பாடுபவருக்கு உண்டு. தோழிக்கு அக்கேள்வி இருந்தது. பதிகம் செய்தவருக்கு இல்லை.

பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் புதிய கவிதைகளில் கூந்தலோடு அதனைப் பின்னிய கைகளும் இடம்பெறுக.